நாற்பத்தேழாம் எண் வில்லை

2025 ஜூன் 14, சனிக்கிழமை. கடும் வெயில், காற்று சற்றும் வீசவில்லை.

விருத்தாசலத்தின் பழைய ரயில் பணிமனை இப்பொழுது காபிக் கடையாக விளங்குகிறது. பணியாளர்கள் உள்ளே செல்லும்போது எடுத்துக்கொண்டு, வெளியேறும்போது திரும்ப மாட்டிய பித்தளை வில்லைகள் ஒரு பலகையில் அலங்காரமாகத் தொங்குகின்றன. நாற்பத்தேழாம் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. அது என் கணவர் கொளஞ்சியப்பனுடையது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் உள்ளே சென்ற அவர், மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தும் வீடு திரும்பவில்லை. அவர் ஓடிப்போனதாக மேற்பார்வையாளர் எழுதிய தாளில், அன்று படிக்கத் தெரியாத நான் கைநாட்டு வைத்தேன்.

கடைப் பெண்ணிடம் ஆணியைக் காட்டினேன். “வில்லய மாட்டாம எவனாச்சும் வெளிய போவானா? அவரு ஓடிப்போவலன்னு எழுதிக் குடும்மா.”

“ஆன்ட்டி, அது சும்மா டெக்கரேஷனுங்க. ஒரு செல்ஃபி எடுத்துக்குங்க.”

சினத்தில் மேசையை அறைந்தேன், காபி சிந்தியது. துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்பத்தேழாம் ஆணியில் வில்லை ஆடிக்கொண்டிருந்தது. தொட்டேன். கிரீஸ் பிசுபிசுத்தது; யாரோ பிடித்திருந்த உள்ளங்கைச் சூடு அதில் இன்னும் ஆறவில்லை.

வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒருவரும் இல்லை.

“இப்பதான் வேல முடிஞ்சுதா ஒனக்கு?” என்று கத்தினேன்.

அப்பொழுது மணி சரியாக மாலை ஐந்து.