பைலட் நிக்க மாட்டேங்குது

"மறுபடியும் அணைஞ்சிடுச்சு தம்பி" என்று சர்வேயர் போனில் சொன்னதும் மெக்கானிக்குக்குக் காது சூடாகிவிட்டது.

இரண்டு வாரத்தில் இது மூன்றாவது தடவை. கேஸ் வாட்டர் ஹீட்டர் வேலையில் அவருக்குப் பதினெட்டு வருஷ அனுபவம். ஹீட்டருக்குள் எந்நேரமும் எரிய வேண்டிய பைலட், சுண்டுவிரல் நகம் அளவுச் சுடர், இப்படி அவருக்குத் தண்ணி காட்டியதே இல்லை.

முதல் தடவை, பைலட் குழாயில் அடைந்திருந்த தூசியை ஊதிச் சுத்தம் செய்தார். இரண்டாவது தடவை தெர்மோகப்பிளையே புதுசாக மாற்றினார். சுடரின் சூடு பட்டால்தான் கேஸை விடுகிற கம்பி அது. அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். சுடர் ஆடவில்லை, அசையவில்லை. நம்பிக் கிளம்பினார்.

மறுநாளே அணைந்துவிட்டதாம்.

நாலாவது மாடி. கதவைத் திறந்தவர் சர்வேயர்தான். நிலம் அளக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதத்துக்கு முன்னால் பெரிய ஆபரேஷன் ஆகி, இன்னும் மாடிப்படி இறங்காதவர்.

"எனக்காக இல்ல தம்பி. இவளுக்கு மூட்டுவலி. இந்தக் குளிர்ல இவ பச்சத்தண்ணில குளிக்கறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்கல."

'இவள்' சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் கேட்டேனா?" என்றார்.

"அவ கேக்க மாட்டா. நாமதான் புரிஞ்சு நடந்துக்கணும்" என்றார் சர்வேயர்.

மெக்கானிக்குக்குச் சங்கடமாக இருந்தது. தன் மனைவிக்கும் மூட்டுவலி உண்டு. எந்தக் காலில் என்று யாராவது கேட்டால் இவர் முழிப்பார். இங்கே ஒரு மனுஷர் இப்படி உருகுகிறார். அந்த அம்மா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை.

பின்பக்க பால்கனிக்குப் போனார். ஹீட்டர் சுவரில் மாட்டியிருந்தது. பைலட் எரிகிறதா என்று பார்க்க அதன் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. எட்டிப் பார்த்தார். இருட்டு.

அப்புறம்தான் கேஸைத் திருகித் திறக்கிற நாபைக் கவனித்தார். ஆஃபில் இருந்தது.

பைலட் தானாக அணைந்தால் நாப் திரும்பாது. வைத்த இடத்திலேயே இருக்கும். இது யாரோ திருகினது.

மூடியைக் கழற்றினார். போன வாரம் துணியால் துடைத்துவிட்டுப் போன தட்டில் கருகின காகிதத் துணுக்குகள்.

"சார், இது என்ன, உள்ள பேப்பர் கரி?"

"காத்துல வந்து விழுந்திருக்கும்."

"சரி, அதை விடுங்க. இதுல ரிப்பேரே இல்ல. யாரோ கையால அணைக்கிறாங்க."

சர்வேயர் பெருமூச்சு விட்டார்.

"எனக்குத் தெரியும் தம்பி. அவதான். கேஸ் வீணாகுதுன்னு நினைப்பு. சொன்னா கேக்கறதில்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க, அந்த நாபை யாரும் திருக முடியாதபடி இறுக்கிக் கொடுத்துடுங்க."

"ஐயையோ, அது ஆபத்து சார்." மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். "இப்ப பைலட்டே இல்லாத மாடல் வந்திருக்கு. குழாயைத் திறந்தா தானா பத்திக்கும், மூடினா அணைஞ்சிடும். கேஸ் வீணாகுதேங்கற பேச்சே கிடையாது. பழசைக் கழட்டிட்டு நாளைக்கே மாட்டிடறேன். அம்மாவுக்கும் வெந்நீர், உங்களுக்கும் நிம்மதி."

சர்வேயர் ஹீட்டரின் ஓட்டையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்ன அவசரம்? வெயில் காலம் வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தன் லைட்டரால் பைலட்டைப் பற்றவைத்து, மூடியை மாட்டி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாசல் வரைக்கும் அந்த அம்மா வந்தார். மெக்கானிக்கால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இப்படிப் பாத்துப் பாத்துச் செய்யற மனுஷர் கிடைக்கறது கஷ்டம். உங்களுக்காக மூணு தடவை என்னைக் கூப்பிட்டாரு. நீங்க என்னடான்னா அதைப் போய் அணைச்சுக்கிட்டே இருக்கீங்க."

அந்த அம்மா படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சதுரங்கம் ஆட ஒருத்தர் வருவாரு. போகும்போது இவர் கையில சிகரெட்டைக் கொடுத்துட்டுப் போயிடறாரு. வீட்டுல தீப்பெட்டி, லைட்டர் ஒண்ணு விடாம எல்லாத்தையும் நான் ஒழிச்சுட்டேன். இவர் பேப்பரைச் சுருட்டி, அந்த ஓட்டைக்குள்ள விட்டுப் பத்த வெச்சுக்கறாரு."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் பச்சத்தண்ணி குளிரத்தான் தம்பி செய்யுது. நாளைக்கே அந்தப் பைலட் இல்லாததைக் கொண்டு வந்துடுங்க. வெட்டி எடுத்தது போக அவருக்கு மிச்சம் இருக்கறது ஒரே ஒரு நுரையீரல்."