மாப்பிள்ளையை விரட்டிய பாட்டு

“பொண்ணு பார்க்க வந்தவங்களைப் பாட்டாலேயே விரட்டின பொண்ணோட அம்மா நீங்க. அன்னைக்கு உங்களுக்குக் கோபம் வரலையா?”

இணையச் சேனலிலிருந்து வந்திருந்த ஷீலா இப்படிக் கேட்டதும், ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக் கூடத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த சுந்தரவல்லி கேமராவைப் பார்த்துச் சிரித்து வைத்தாள். கோபமா? வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், இல்லாவிட்டால் அன்றைக்கே மகள் ஜெயப்ரியாவின் முதுகில் நாலு வைத்திருப்பாள். ஆனால் அந்த மகள் இன்றைக்கு ஊரே கொண்டாடும் ஜாஸ் பாடகி. நடந்ததை நடந்தபடி சொல்ல முடியுமா?

“பெருமையாத்தான் இருந்திச்சு” என்றாள், வாய் கூசாமல்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. அஸ்தினாபுரத்திலிருந்து சூர்யா என்ற பையனின் வீட்டார் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல இடம். கேசரியும் பஜ்ஜியும் ஒரு சுற்று வந்த பிறகு பையனின் அத்தை, பெண் நன்றாகப் பாடுமாமே, ஒரு சாமி பாட்டு பாடட்டும் என்றாள். ஜெயப்ரியாவும் அடக்க ஒடுக்கமாக ஓர் அம்மன் பாட்டைத் தொடங்கினாள்.

இரண்டாவது வரியில் என்ன வந்ததோ, சட்டென்று வார்த்தைகளை விட்டுவிட்டு ‘டூபி டபடா’ என்று ஆரம்பித்துவிட்டாள். பொத்தேரியில் கல்லூரியில் படித்தபோது ஜாஸ் குழு ஒன்றில் பாடியவள். வார்த்தையே இல்லாமல் வெறும் ஒலிகளாலேயே மனம்போன போக்கில் பாடுவது அந்தச் சங்கீதத்தில் ஒரு வகையாம். அம்மன் பாட்டுக்கு நேர்ந்த கதியைப் பார்த்து அத்தை கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். காபிகூடக் குடிக்காமல் எல்லோரையும் எழுப்பிக்கொண்டு போனாள்.

பையனின் தங்கை மட்டும் எல்லாவற்றையும் மொபைலில் பிடித்து வைத்திருந்தாள். கேலிக்காக அதை இணையத்தில் போட்டாள். அங்கேதான் ஜெயப்ரியாவின் ஜாதகம் மாறியது. சிரிக்க வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ‘மாப்பிள்ளையை விரட்டிய பாட்டு’ என்று யாரோ பெயரும் வைத்தார்கள். சபாஷ், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பெண்களெல்லாம் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். முதலில் ஹோட்டல் மேடைகள், பிறகு பெங்களூரு, மும்பை. அடுத்த மாதம் வெளிநாட்டு இசைவிழா. அதற்காகத்தான் இந்தப் பேட்டியே.

சுந்தரவல்லிக்கு மட்டும் ஒரு விஷயம் இன்றுவரை பிடிபடவில்லை. பையனின் போட்டோவைக் காட்டியபோது சரி என்று தலையாட்டியவள் இவள்தான். கட்டிக்கொள்ள மாம்பழ நிறப் புடவையைத் தேடி எடுத்தவளும் இவள்தான். அப்புறம் ஏன் அப்படிச் செய்தாள்? கேட்டால் பேச்சை மாற்றுவாள், அல்லது எழுந்து போய்விடுவாள். அதற்குப் பிறகு வந்த வரன் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவும் இல்லை. பேரும் புகழும் வந்தது சரி, இவளுக்கென்று ஒரு துணை வராமலே போய்விடுமோ என்று தாய் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஷீலாவும் கடைசியில் அதே கேள்வியைத்தான் ஜெயப்ரியாவிடம் கேட்டாள். எல்லாப் பேட்டியிலும் சொல்கிற பதிலையே அவள் சொன்னாள். பாட வைத்துப் பெண்ணை எடைபோடுவது தனக்குப் பிடிக்காதாம். ஷீலா கைதட்டாத குறை. கேமராவையும் விளக்குகளையும் கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

சுந்தரவல்லி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து மகளின் எதிரில் உட்கார்ந்தாள்.

“கேமரா போயாச்சு. இப்பவாச்சும் சொல்லு. அந்தப் பையன்கிட்ட அப்படி என்னடி குறையைக் கண்ட?”

ஜெயப்ரியா வழக்கம்போல் எழுந்து போகவில்லை. காதில் தொங்கிய ஜிமிக்கியைக் கழற்றினாள்.

“குறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பாடும்போது நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னையே பார்த்துச் சிரிச்சிட்டிருந்தாரு. அவ்ளோதான், பாட்டு மொத்தமும் மறந்துபோச்சு. நடுவுல நிறுத்தினா அசிங்கமாயிடுமேன்னு வாயில வந்ததைப் பாடிட்டேன்.”

“இதை ஏண்டி அன்னைக்கே சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? அதுக்குள்ள ஊரே நான் விரட்டினேன்னு கைதட்டிடுச்சு. அவர் மட்டும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா உண்மையைச் சொல்லிக் கட்டிக்கிட்டிருப்பேன். அவர்தான் கேக்கவே இல்லையே.”

பெண் பார்த்துவிட்டுப் போன அந்த வாரம் முழுவதும் விடாமல் போன் செய்து, “அந்தப் பாட்டுக்காகவே அவங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க” என்று கெஞ்சிய சூர்யாவிடம், பிடிக்காமல்தான் மகள் அப்படிப் பாடினாள் என்று நினைத்து, அவளை ஒரு வார்த்தை கேட்காமலே, “அவளுக்கு உன்னைக் கண்டாலே ஆகலை தம்பி, இனிமே போன் பண்ணாதே” என்று சொல்லி வைத்தவள் சுந்தரவல்லிதான்.