கடைசிக் கொக்கி

டீ கொதித்து மேலே வந்துவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லும் தைரியம்தான் இன்னும் வரவில்லை. அடுப்பை அணைத்தாள்.

ஹாலில் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் இருக்கும் கட்டடத்தில் ஒருநாள் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவளுக்குப் பயம் வராமல் இருக்க, கதவுக்கு வெளியே நின்று விடாமல் பேச்சுக் கொடுத்தவன் இவன். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. இன்றுதான் முதல்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுக்கத்தான் வந்திருக்கிறான் என்பது மடிப்புக் கலையாத அந்தச் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் தொண்டையில் நின்றது வேறு பேச்சு.

ஹெர்பிஸ். விட்டுவிட்டுப் போன புருஷன் கொடுத்துவிட்டுப் போனது. போகும்போது, “எவன்கிட்ட வாங்கினியோ” என்று பழியையும் இவள் தலையிலேயே போட்டுவிட்டுப் போனான்.

அது நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், எப்போதாவது எழுந்து வரும் என்றார் டாக்டர். ஆள் போய்விட்டான். உள்ளே குடித்தனம் இருப்பவனைக் காலி பண்ண வைப்பதுதான் நடக்காத காரியம். உடம்பில் எங்காவது சுருக்கென்றால் போதும், அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதுபோல் திடுக்கிடுவாள்.

இதற்கு முன் ஒருவனிடம் சொல்லிப் பார்த்தாள். பாதியிலேயே எழுந்து போய்க் கை கழுவினான். அந்தக் குழாய்ச் சத்தம் இன்னும் இவள் தூக்கத்தில் ஓடுகிறது.

லேபில், கவனமாகக் கையாள வேண்டிய டியூபுகளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். “பொட்டு வச்ச பார்ட்டி” என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். தன் சோதனையை மட்டும் ஊரின் மறுகோடியில் வேறொரு லேபில் செய்துகொண்டாள். முடிவு வந்த அன்று, வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தன் கப்பின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். பழகிய கை. அச்சடித்தாற்போல் வட்டம்.

கப் வழியாக அது தொற்றாது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கே தெரியும், படித்த படிப்பே அதுதான். தெரிந்து என்ன பண்ண, மனசு கேட்க வேண்டுமே.

சமையலறைச் சுவரில் நான்கு கொக்கிகள், ஒரே மாதிரி நான்கு கப்புகள். முதலாவது அம்மாவுடையது. நடுவில் இரண்டும் வருகிறவர்களுக்கு. கடைசிக் கொக்கி இவளுடையது.

“ஏண்டி தள்ளி மாட்டற?” என்று அம்மா ஒரே ஒருமுறை கேட்டாள்.

“லேப்ல வேலை பாக்கறவங்க எல்லாரும் அப்படித்தாம்மா. கிருமி.”

அம்மா “ம்” என்று விட்டுவிட்டாள். கை நடுக்கம் வந்த பிறகு அவளுக்கு அரைக் கப் டீதான். அதற்குமேல் ஊற்றினால் பாதி மடியில் கொட்டிவிடும். அந்தக் கையை வைத்துக்கொண்டு, பாத்திரம் நான்தான் கழுவுவேன் என்று பிடிவாதம் வேறு. போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். மகளுக்கு என்ன வந்தது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். அதை நினைத்தால் இவளுக்கு நிம்மதியாகவும் இருக்கும், சொல்லாமல் விட்டோமே என்றும் இருக்கும்.

இன்றைக்கும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். டீயைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனை எடுக்காமல் விட்டுவிட்டால், மானம் மரியாதையோடு முடிந்துவிடும்.

அம்மா போன பிறகு வீட்டுக்கு வந்த முதல் ஆள் இவன்தான். நடுக் கொக்கியிலிருந்து ஒரு கப்பை எடுத்து, பழக்கதோஷத்தில் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

சிவப்புப் பொட்டு.

மாற்றி மாட்டிவிட்டோமா? பக்கத்துக் கப்பை எடுத்தாள். அதிலும் பொட்டு. கடைசிக் கொக்கியில் இருந்த தன்னுடையதை எடுத்தாள். அதிலும். அது அவள் தினமும் பார்க்கும் பொட்டு, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சின்னதாக வால் விட்டிருக்கும். கழுவிக் கழுவி அப்படி ஆகிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மற்ற இரண்டிலும் அதே வால்.

தேய்ந்தால் மங்கும், வால் எப்படி முளைக்கும்? வைத்த கை நடுங்கியிருந்தால் முளைக்கும்.

அப்படியென்றால் இவள் வைத்த வட்டம் எங்கே?

முதல் கொக்கியைப் பார்த்தாள். அம்மா போனதிலிருந்து அந்தக் கப்பை அவள் தொட்டதில்லை. தொட்டால் அம்மா எங்கிருந்தாவது பார்த்து, என்னடி என்று கேட்டுவிடுவாளோ என்று பயம்.

“டீ ஆச்சா? நான் வேணா வந்து எடுத்துக்கவா?” ஹாலிலிருந்து அவன் குரல்.

“இருங்க, வரேன்.”

அம்மாவின் கப்பை எடுத்தாள். தூசியில் விரல் பதிந்தது. கவிழ்த்தாள்.

அச்சடித்தாற்போல் ஒரு வட்டம்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசி வரைக்கும் அம்மா தினமும் இதில்தான் குடித்திருக்கிறாள். அந்த ஒருமுறைக்கு அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதைக் கழுவி, தனக்கு அதில் அரைக் கப் ஊற்றிக்கொண்டாள். கைக்கு வந்த இன்னொரு கப்பில் அவனுக்கு ஊற்றினாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்,” என்றாள். “டீயக் குடிச்சுக்கிட்டே கேளுங்க.”