சோம்பேறி என்ற மிதவை

எழுந்தான். பல் தேய்த்தான். பால் பொங்கட்டும் என்று அடுப்பருகே நின்றான்.

பொங்குவதற்கு முன் போன் மினுங்கியது. எடுத்துப் பார்த்தான். கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பை அணைத்தான்.

சோம்பேறி மேலே வந்துவிட்டது.

சோம்பேறி ஒரு மிதவை. ஆள் உயர மஞ்சள் உருளை, உச்சியில் ஒரு ஆண்டெனா. மற்ற மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை ஆழத்திலிருந்து மேலே வந்து, தாம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். இது மட்டும் மாதக்கணக்கில் கீழேயே கிடக்கும்.

அப்படிக் கிடக்கச் சொல்லிக் கடலில் இறக்கியவள் அவன் மனைவி. அடிக்கடி மேலே வந்தால் மேல் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் ஆழத்து நீர் எங்கே போகிறது என்று எப்படித் தெரியும் என்பாள். பெயர் வைத்ததும் அவள்தான்.

இறக்கிய இடம் ஒரு பெரிய சுழியின் நடு. லேசில் நகராத சுழி.

மேலே சுற்றுகிற சுழி அடியில் இருக்கிற நீரையும் பிடித்துச் சுற்றும், அதனால் சோம்பேறி போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே எழுந்து வரும் என்பது அவள் கட்சி. ஆழத்து நீர் தன் பாட்டுக்குத் தெற்கே போய்க்கொண்டிருக்கும், மேலே நடக்கிற கூத்து அதற்குத் தெரியவே தெரியாது என்பது அவர்கள் கடலாய்வு அலுவலகத்தின் இயக்குநர் கட்சி.

அவனும் இயக்குநர் கட்சிதான். இருவருக்கும் ஒரே அலுவலகம் என்பதால் சண்டை சாப்பாட்டு மேசை வரைக்கும் வரும். அவளுடைய அம்மா வந்து தங்கும் நாட்களில் நடுவர் வேலை அம்மாவுக்கு. தீர்ப்பு எப்போதும் மாப்பிள்ளை பக்கம்.

அந்த அம்மா இப்போது சமையலறைக்கு வந்தாள். மகள் போன பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. மகளுடைய போனுக்கு இன்றைக்கும் சார்ஜ் போட்டுத் துடைத்து வைக்கிறாள். தம்ளரை வாங்கிக்கொண்டு, தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"உள்ள தள்ளிட்டுப் போறப்ப உங்ககிட்ட என்னமோ சொன்னாளே மாப்ளே. நான் பாத்தேன், வாய் அசைஞ்சுது."

"ஒண்ணுமில்ல அத்தை."

சின்ன ஆபரேஷன்தான். மனைவி படுத்திருந்த தள்ளுவண்டியின் தலைமாட்டில் அவன் நடந்தான். அத்தை பின்தங்கிவிட்டாள். கதவு மூடியது. அப்புறம் மனைவி கண் விழிக்கவில்லை.

போனை நிமிர்த்தி இன்னொரு தடவை பார்த்தான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அலுவலகத்தில் கூட்டம். வரவேண்டிய நாள் தாண்டியும் சோம்பேறி வரவில்லை. இன்று அதன் செயற்கைக்கோள் இணைப்பை வெட்டுவதாக முடிவு. வெட்டிவிட்டால், அது மேலே வந்து கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. அவளுடைய கட்சியும் அதோடு மூழ்கும்.

"பேட்டரிதான் சார்," என்றார் டெக்னீஷியன். எதற்கெடுத்தாலும் அதையே சொல்வதால் அவருக்கே பேட்டரி என்று பெயர்.

"உனக்குக் கல்யாணம் நின்னதுக்கும் பேட்டரிதானேய்யா காரணம்," என்றார் இயக்குநர். இரண்டு பேர் சிரித்தார்கள். அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

சோம்பேறியின் செய்தி அவன் போனுக்கு மட்டும்தான் வரும். ஆஸ்பத்திரிக்காக விடுப்பு எடுத்தபோது அவள் அப்படி மாற்றிவைத்துவிட்டுப் போனாள்.

இயக்குநர் அவன் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "வெட்டிடலாமா தம்பி?"

சட்டைப்பையில் போன் இருந்தது. போனில் சோம்பேறி எழுந்து வந்த இடம் இருந்தது. கடலடித் தரையில் தட்டிச் சிக்கிக் கிடக்கவில்லை, நீரோடுதான் சுற்றியது என்று காட்டும் அழுத்தக் கணக்கும் இருந்தது. ஏன் இத்தனை தாமதம் என்று மட்டும் சோம்பேறி சொல்லவில்லை. அவன் எழுந்தான்.

"ரெண்டு நிமிஷம் சார்."

மாடிப்படிக்கு வந்தான். துடைப்பமும் வாளியும் சாத்தி வைத்திருந்த மூலையில் நின்று மனைவியின் எண்ணை அழுத்தினான்.

ரொம்ப நேரம் அடித்தது.

"என்ன மாப்ளே, இவ நம்பருக்கு அடிக்கிறீங்க? என் போன் நல்லாத்தானே இருக்கு."

"சோம்பேறி மேல வந்துடுச்சு அத்தை. போட்ட எடத்துல இருந்து கூப்பிடு தூரம்."

அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ கீழே வைக்கும் சத்தம்.

"அப்ப அவதான் ஜெயிச்சிருக்கா."

"ஆமா."

"ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"இன்னும் அவங்ககிட்ட சொல்லல."

"ஏன்?"

கதவு பாதி திறந்து பேட்டரி எட்டிப் பார்த்தார். அவன் கையைக் காட்டினான். கதவு மூடியது.

அத்தை காத்திருந்தாள். தள்ளுவண்டியில் மனைவி சொன்னதில் அம்மா இல்லை, அவனும் இல்லை. அதனால்தான் இத்தனை நாளும் ஒன்றுமில்லை என்று சொல்லிவந்தான். இப்போது அவள் சொன்னபடியே சொன்னான்.

"சோம்பேறி வந்தா மொதல்ல எனக்குச் சொல்லு. அப்புறம் மத்தவங்களுக்குச் சொல்லிக்கலாம்."