முதுகுப் பக்கம்

முதுகு காட்டும் மிருகத்தைச் சுடுவதில்லை என்று கல்யாண வீடு, துஷ்டி வீடு பாராமல் மீசையை முறுக்கிச் சொல்லி வந்த பூபாலத்துரை, பெரிய கொம்புள்ள மிளா மான் ஒன்றின் நடமாட்டம் அறிய ஊற்றங்கரை மரத்தில் காமிரா கட்டினார். எது அசைந்தாலும் அது தானாகவே படம் எடுத்துவிடும். துப்பாக்கியோடு ஒரு வாரம் அங்கேயே சுற்றியும் அவர் கண்ணில் மிளா படவில்லை. மைத்துனர் கோமதிநாயகம் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டார். எல்லாவற்றிலும் மிளா நின்றது. அதற்குப் பத்தடி முன்னால், கூன் விழுந்த ஒரு கிழவனின் முதுகு.

“எவம்ல இந்தக் கிழட்டுப் பய? இவனாலதான் அது எனக்குத் தட்டுப்படல.”

“அத்தான், அந்தத் தொப்பி எங்க அக்கா ஒங்களுக்குக் கடைசியா வாங்கித் தந்ததுல்லா.”

துரை சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. மிளா ஒரு படத்திலும் மிரளவில்லை. புல்லை மென்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் துப்பாக்கி இல்லாமல் போய் அதே இடத்தில் நின்றார். காது இப்போதெல்லாம் சரியாகக் கேட்பதில்லை. பின்னால் கேட்பது காற்றா, புல் மெல்லும் சத்தமா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமலே தொப்பியைக் கழற்றினார்.