மச்சானின் இடது பக்கம்

இடைவேளை முடிந்து இரண்டு அணிகளும் கால்பந்து மைதானத்துக்குத் திரும்புகின்றன. கோச் சொன்னது வலது ஓரத்தில் ஆடுகிறவனின் காதில் இன்னும் இரைகிறது: "அவங்க மூணாம் நம்பரால இடது பக்கம் சட்டுனு திரும்ப முடியல. பந்த அங்கயே தட்டிட்டு ஓடு." அந்த மூன்றாம் நம்பர் அவன் மனைவியின் அண்ணன். அவருக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்காமல் உட்கார்ந்திருந்தவன் இவன். அதனால்தான் முதல் பாதி முழுவதும் அவரை நெருங்காமல் பந்தை மைதானத்தின் நடுப்பக்கமே தள்ளிவிட்டபடி இருந்தான். சாய்ந்த வெயிலில் இருவரின் நிழலும் வெள்ளைக்கோட்டின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. மச்சான் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

"என்ன மாப்ளே, என் முட்டியக் கண்டுபிடிச்சிட்டாரா உங்க கோச்?"

"ஆமா மச்சான்."

"அப்ப வாங்க. நீங்க பாவம் பாத்து ஒதுங்குனா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இந்தச் சட்டையப் போடுறது?"

பந்து வருகிறது. ஒரு கணம் தயங்கி, அதை அவருடைய இடது பக்கம் தட்டிவிட்டுப் பறக்கிறான். முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் மண்ணைப் பிறாண்டும் சத்தமும் மூச்சிரைப்பும் விடாமல் துரத்துகின்றன. கூட்டத்தில் அவன் மனைவி எழுந்து நின்று "ஓடு, ஓடு!" என்று கத்துகிறாள். யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.