மூத்தவருக்கு ஒரு கூண்டு

சிலை நாகராஜைவிட உயரம். அதுவே முதல் எரிச்சல்.

இரண்டாவது, அதற்குத் தொப்பை இல்லை.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு மனுப் போட்ட மறுநாள் வெட்டிக் கொல்லப்பட்ட தமிழ்மாறனின் சிலை அது. இருபத்தெட்டு வயதிலேயே நிற்கிறது. அவன் செத்தும் ஆத்திரம் தீராமல் யாரோ இரண்டு முறை உடைத்துப் பார்த்தார்கள். வழக்குப் போனது. விரல்கூட நுழையாத கம்பி வலை போட்டுச் சிலையைக் காக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தேனியில் ஆயிரம் பட்டறை இருக்க, வேலை வந்து விழுந்தது நாகராஜின் கிரில் பட்டறையில்.

தேவயானி நாகராஜின் மனைவி. அதற்கு முன்பு, அந்தச் சிலையின் மனைவி.

தூக்குச்சட்டியோடு வந்தவள், வெயிலில் வெந்துகொண்டிருந்த நாகராஜைத் தாண்டிப் போய்ச் சிலையை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏங்க, மேல ஒரு தகரம் போட்டு விடுங்களேன். அவுகளுக்கு வெயில் ஆகாது.”

அவுக!

எட்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறான். உங்களுக்கு வெயில் ஆகுமா என்று அவள் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. குறட்டை விடாத, சட்னியில் உப்பில்லை என்று முகம் சுளிக்காத ஆளோடு எவன் போட்டி போடுவது? சிமெண்ட்டோடு சண்டைக்குப் போனால் ஊர் சிரிக்கும். சட்டம் வேறு அதன் பக்கம்.

தகரம் போட்டான். நல்ல கனமான தகரமாகவே.

சாயங்காலம் சோதிக்க வந்த எஸ்.ஐ., கூண்டைச் சுற்றி வந்து, சிலையின் தொங்கும் இடக்கைக்கு நேரே நின்றார்.

“என்னய்யா, இங்கன மட்டும் ஓட்டை பெருசா இருக்கு?”

“அளவு தப்பிருச்சு சார்.”

எஸ்.ஐ. தன் கையை நுழைத்துப் பார்த்தார். விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. அடைக்கச் சொல்ல வாயெடுத்தவர், பின்னால் நின்ற தேவயானியைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டார்.

அவள் கை உள்ளே போயிற்று. வளையல்கூடக் கம்பியில் உரசவில்லை. அப்படியொரு அளவு. போன கை சிமெண்ட் விரல்களைப் பிடித்துக்கொண்டது. விடுவதாகத் தெரியவில்லை.

எஸ்.ஐ. சாலையில் போன தக்காளி வண்டியை அக்கறையாகப் பார்த்தார்.

நாகராஜ் வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். மெஷினை அணைத்து வண்டியில் ஏற்றி வெகு நேரமாகியிருந்தது.